அட்டை ராஜாவுக்கு நிறை போதாது

பதுளை பஸ் நிலையத்தில் இறங்கும்போது மாரியாயிக்குப் பிடரியில் ஆப்பு வைத்து அடித்த மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி மலையேறிய கழுத்து அது. போதாததற்கு லுணுகலையிலிருந்து பசறை வழியாக அத்தனை வளைவுக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்திருக்கிறாள். தலையை நிமிர்த்தினால் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அவள் போகவேண்டிய காரியாலயமோ மூன்றாம் மாடியில் இருந்தது.

வந்த காரியம் சின்னதுதான். நாற்பத்து மூன்று புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகவேண்டும். அதற்கென்று இரண்டு உரச்சாக்குகளைக் கழுவிக் காயவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

புத்தகங்கள் பிள்ளைகளுடையவை. தாய்மார் கொழுந்துக்குப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவைத் தோட்டத்தில் புதிதாகக் கட்டியபோது பழைய அறை சும்மா கிடந்தது. மூன்றாம் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் பதினொரு பேர், மாரியாயியின் மகள் விஜயலெட்சுமி முன்னுக்கு நிற்க, அதைக் கழுவி, தேயிலைப் பெட்டிப் பலகையை அடித்து அலமாரி செய்து, வாசிப்பு அறை என்று சுவரில் கரியால் எழுதினார்கள். நடைபாதைக் கடையில் வாங்கியது, ஊருக்குப் போனவர்கள் கொண்டுவந்தது, குப்பையில் பொறுக்கியது என்று நாற்பத்து மூன்று சேர்ந்தது. தடித்த சரித்திரம் ஏழு. பறக்கும் குதிரை, பேசும் மலை என்று மாயக்கதை பதினைந்து. மிச்சமெல்லாம் படக்கதை.

படக்கதைகளில் ஒன்றுக்கு மட்டும் பிள்ளைகள் முறை வைத்து அடித்துக்கொண்டார்கள். அதன் பெயர் ‘அட்டை ராஜா’. மலைக்கடியில் ஒரு பொந்தில் ராட்சத அட்டை ஒன்று கிரீடம் வைத்துக்கொண்டு வாழ்கிறது. மழை பெய்தால் மேலே வந்து வீடு வீடாக இரத்தம் குடிக்கிறது. செம்பி என்கிற சிறுமி ஒரு மூட்டை உப்போடு பொந்துக்குள் இறங்குகிறாள். விஜயலெட்சுமி இதை லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து உரக்க வாசித்தபோது, அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டே பெரியவர்களும் வந்து நின்று கேட்டார்கள்.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு ஜீப் வந்தது. ‘ஊவா இளம் வாசகர் நூல் பரிந்துரைப் பேரவை’ என்று கதவில் எழுதியிருந்தது. பரிந்துரைக்கப்படாத நூல்களைப் பிள்ளைகள் வாசிப்பதாக முறைப்பாடாம். இரண்டு கிழமையில், பதினாலே நாளில், பரிந்துரைத்துத் தருவோம் என்று அலமாரியை வழித்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

பதினான்கு மாசமாயிற்று. வெறும் அலமாரியைப் பார்த்த தோட்டத்துத் துரை, “டிசம்பர் முடியிறதுக்குள்ள இதுல புத்தகம் இருக்கணும். இல்லாட்டி ஜனவரி ஒன்னாந்தேதி உர மூட்டை ஏத்துவேன்” என்று சொல்லிவிட்டார். அதனால்தான் மாரியாயி ஒரு நாள் பேரை, அன்றைய கூலியை, விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

மூன்றாம் மாடி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியோன் றவூப், சாக்கைப் பார்த்ததும் விஷயம் விளங்கிக்கொண்டான்.

“புஸ்தகம் ஈக்கிது தங்கச்சி. ஆனா தர ஏலா.”

“ஏன் நானா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் மாரியாயி.

“பரிந்துரை ஆகல்ல.”

“எப்ப ஆகும்?”

“கூட்டம் கூடினா ஆகும்.”

“எப்பத்தான் கூடும்?”

“மாசாமாசம் கூடுது. ஆனா செல்லாது. தோட்டத்துப் பெற்றோர் பிரதிநிதின்டு உள்ளுக்கு ஒரு கதிரை போட்டீக்கிது. அதுல ஆளில்லாட்டி கூட்டம் கூட்டமில்ல. மூணு வருஷமா எட்டுப் பேர் வாறாங்க, விளக்கேத்துறாங்க, ரோல்ஸ் சாப்பிடுறாங்க, இந்தக் கூட்டம் செல்லாதுன்டு தீர்மானம் எடுத்துட்டுப் போறாங்க.”

“தோட்டத்துலதான் அத்தனை சனம் கெடக்கே. ஒருத்தரைக் கூப்பிட்டா என்னா?”

“கூப்பிடச் சொல்லித் தீர்மானம் எடுக்கோணும். அதுக்குக் கூட்டம் செல்லோணும்.”

அந்த நேரம் பார்த்துத் தலைவர் கலாநிதி முருகையா கைகழுவ வெளியே வந்தார். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவர். முப்பது வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மேடைகளில் ‘என் பூர்விகம் குளிர்ப்பிரதேசம்’ என்று சொல்லிக்கொள்வார். மாரியாயியை மேலும் கீழும் பார்த்தார்.

“தோட்டமா?”

“ஆமாங்க சேர்.”

“பிள்ளை உண்டா?”

“ஒன்னு இருக்குங்க.”

“பெற்றோர்!” என்று கத்தினார் கலாநிதி. ஈரக் கையோடு அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மூன்று வருஷமாக எவரும் உட்காராத கதிரை. பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. மாரியாயி உட்கார்ந்ததும் அது நசுங்கிச் சத்தம் போட்டது. எட்டுப் பேரும் கைதட்டினார்கள். பேரவை உயிர்பெற்றது.

உயிர்பெற்றதால் விளக்கை மறுபடியும் ஏற்றவேண்டி வந்தது. முன்பு ஏற்றியது செல்லாத கூட்டத்துக்கு ஏற்றிய விளக்கு. யார் முதலில் திரி ஏற்றுவது என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது. ஏற்றிய ஒவ்வொரு திரியையும் தலைக்கு மேலிருந்த காற்றாடி அணைத்தது. காற்றாடியை நிறுத்தலாம் என்று மாரியாயி சொன்னாள். அது வேறு திணைக்களத்தின் காற்றாடி என்றார்கள். நாற்பது நிமிஷம் கழித்து, எரிந்ததாகக் கொள்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்து உட்கார்ந்தார்கள்.

கலாநிதி தலைமையுரையைத் தொடங்கினார்.

“அன்பர்களே! இன்றைய பிள்ளைகள் வாசிப்பதில்லை. அதுவே இப்பேரவையின் அத்திவாரம். அவர்கள் வாசிக்கத் தொடங்கிய மறுநாளே நம்மைக் கலைத்துவிடுவார்கள். ஆதலால் நாம் மிக நிதானமாகப் பணியாற்ற வேண்டும். ஒரு நூலைப் பரிந்துரைப்பது எளிது. பரிந்துரைக்காமல் இருப்பதற்குத்தான் தகைமை வேண்டும். இந்த அறையில் மொத்தம் பதினேழு பட்டங்கள் அமர்ந்திருக்கின்றன.”

பதினேழு பட்டங்களும் தலையசைத்தன.

“எங்க புள்ளைங்க வாசிக்குதுங்களே சேர்,” என்றாள் மாரியாயி. “நீங்க அள்ளிக்கிட்டு வர்ற மட்டும் வாசிச்சுச்சுங்க.”

செயலாளர் உடனே எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: “பரிந்துரையின்றிப் பிள்ளைகள் வாசித்ததைப் பெற்றோர் பிரதிநிதி ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்.”

“நான் வருத்தம் தெரிவிக்கலீங்களே.”

“அது வழக்கமாகச் சேர்ப்பது,” என்றார் செயலாளர்.

பிறகு இளம் வாசகர் என்பவர் யார் என்று ஆராய்ந்தார்கள். ஒரு நூல் பேரவையைக் கடந்துபோக நான்கு வருஷமாகும் என்று முன்பே கணித்திருந்தார்கள். ஆகவே எட்டு வயதுப் பிள்ளை கேட்கிற நூலை, அது பன்னிரண்டு வயதில் என்ன விரும்பும் என்று யூகித்துத்தான் பரிந்துரைக்க வேண்டும்.

“எம்மவளுக்கு இப்ப பதிமூனுங்க. அவளுக்கு எப்ப கெடைக்கும்?”

“கவலைப்படாதீர்கள் அம்மா,” என்றார் கலாநிதி கனிவாக. “அவருடைய பிள்ளைகளுக்கு நிச்சயம் கிடைக்கும்.”

வெறுஞ்சாக்கோடு மாரியாயி அன்றைக்கு ஊர்போய்ச் சேர்ந்தாள். அடுத்த மாசக் கூட்டத்துக்கு இரண்டாவது முறை வந்தபோது மேசைக்கு நடுவில் ஒரு தராசு இருந்தது. கொழுந்து நிறுக்கிற, கொக்கி வைத்த, முள் காட்டுகிற தராசு. அதைப் பார்த்ததும் தன்னையறியாமல் வரிசையில் நிற்கப் போனாள்.

நடந்தது இதுதான். எந்த அடிப்படையில் பரிந்துரைக்கிறீர்கள், இலக்கத்தில் காட்டுங்கள் என்று கணக்காய்வுக்காரர் கடிதம் எழுதியிருந்தார். நல்ல கதை, கெட்ட கதை என்பதை இலக்கத்தில் எழுத முடியாமல் பதினேழு பட்டங்களும் திணறியபோது பொருளாளர் எழுந்தார். அவர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர்.

“நாற்பது வருஷம் நான் நிறுத்தேன். ஒரு ஓடிட் கேள்வி வந்தது கிடையாது. முள் சொன்னால் சொன்னதுதான். புத்தகத்தையும் நிறுத்துவிடுவோம்.”

முக்கால் கிலோவுக்கு மேற்பட்டது பரிந்துரைக்கத் தக்கது என்று விதி செய்தார்கள். கொழுந்துக்குச் சாக்கு நிறை கழிப்பதுபோலப் புத்தக அட்டைக்கு ஐம்பது கிராம் கழிவு. ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் கழிப்பதுபோலப் படத்துக்குக் கழிவு, பக்கத்துக்கு மூன்று கிராம்.

“படம் எப்பிடிங்க தண்ணியாகும்?” என்றாள் மாரியாயி.

“பார்க்க நிறைய மாதிரி இருக்கும். காயவைத்தால் ஒன்றும் மிஞ்சாது,” என்றார் பொருளாளர்.

“தண்ணின்னு எங்ககிட்டக் கழிச்ச கிலோவையும் பெக்டரியில சேத்துத்தானே சேர் அரைச்சீங்க? அதைத் தனியா எடுத்து ஊத்துனதை ஒருநாளும் பாக்கலியே.”

பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதைச் செயலாளர் எழுதவில்லை.

‘அட்டை ராஜா’ கொக்கியில் தொங்கியது. நூற்றெண்பது கிராம். அட்டைக்கு ஐம்பது போயிற்று. ஐம்பது பக்கப் படத்துக்கு நூற்றைம்பது போயிற்று. பொருளாளர் கூட்டிக் கழித்துவிட்டு, “இருபது கிராம் குறை நிறை. இதைச் சேர்த்தால் பட்டியலின் மொத்த நிறை குறைந்துபோகும்” என்று அறிவித்தார். படக்கதை இருபத்தொன்றும் அதே கதிதான்.

சரித்திரம் ஏழும் முள்ளைத் தாண்டிப் போயின. மாரியாயிக்கு உயிர் வந்தது. ஏழு புத்தகமாவது கிடைக்கட்டும், அலமாரியில் ஒரு தட்டு நிறையும் என்று சாக்கை விரித்தாள். அப்போதுதான் வரலாற்று ஆலோசகர் ஒரு கறுப்பு மைப்போத்தலைத் திறந்தார்.

“வரலாறு என்பது முடிந்துபோன விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள்,” என்றார் அவர். “அதைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் முடிந்துபோகவில்லை. அவர்கள் நமக்கு நிதி ஒதுக்குகிறார்கள். இந்தப் பக்கத்தைப் பாருங்கள். ‘மலைநாட்டுக்குக் கூலிகளாக மக்கள் வந்தார்கள்.’ வந்தார்கள் என்று இருக்கலாம். யார் கொண்டுவந்தார்கள் என்பது பிள்ளைகளுக்குச் சுமை. ‘வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.’ இது தூக்கத்தைக் கெடுக்கும். ‘அவர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது.’ பறிக்கப்பட்டது என்று போட்டால், பறித்தது யார் என்று ஏதாவது ஒரு பிள்ளை கையை உயர்த்தும். ‘சில காலம் வாக்குரிமை இருக்கவில்லை’ என்று போடலாம். மழை இருக்கவில்லை என்பது போல. யாருக்கும் மனக்கசப்பு வராது.”

“அது எங்க தாத்தன் கதைங்க,” என்றாள் மாரியாயி. “எங்களுக்கு ஒரு கசப்பும் வராது. தெரிஞ்சதுதானே.”

“தெரிந்ததை எதற்காக அம்மா வாசிக்க வேண்டும்?” என்று கேட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்தார் ஆலோசகர்.

மையால் அழித்தது போக, கிழித்து எடுத்தவை ஒரு கூடை சேர்ந்தன. மறுபடி நிறுத்துப் பார்த்தபோது ஏழு சரித்திரமும் முக்கால் கிலோவுக்குக் கீழே விழுந்துவிட்டன. எதற்கும் பெரிய கிளாக்கர் அட்டையையும் கழித்தார்.

மாயக்கதைகளுக்கு ஷிஹானா என்கிற மனநல ஆலோசகர் பொறுப்பு. நல்ல படிப்பாளி. குரலே நோயாளிக்குப் பேசுகிற குரல்.

“கற்பனைக்கு நாங்க எதிரில்லை. ஆனா இது கற்பனைதான் என்றதுக்கு உறுதி வேணும். கதையில வாறது நடக்காது என்று அந்தந்தப் பிரிவு கிராம சேவகர் எழுத்தில தந்தா, பிள்ளைகள்ட மனசு குழம்பாது.”

ஒரு மாதிரிக் கடிதம் வந்தே விட்டிருந்தது. செயலாளர் வாசித்தார்: “பறக்கும் குதிரை தொடர்பாக. எனது பிரிவில் குதிரை எதுவும் பதியப்படவில்லை. எனவே அது பறக்குமா, பறக்காதா என்று உறுதிப்படுத்த இயலாது. மேலதிக நடவடிக்கைக்காகக் கால்நடைத் திணைக்களத்துக்கு அனுப்பப்படுகிறது.”

பதினைந்து மாயக்கதைகளும் கால்நடைத் திணைக்களத்தின் பதிலுக்காகக் காத்திருப்பில் போடப்பட்டன. ஒன்றே ஒன்று மட்டும் சான்றிதழ் இல்லாமலே தேறியது. புத்தகங்களுக்கு நடுவில் அகப்பட்டு வந்த வழுவழுப்பான சிறு வெளியீடு. வெள்ளைச் சுவர் வீடு, முற்றத்தில் ரோஜா, வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் கொழுந்துக்காரக் குடும்பம். ‘தோட்டத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு.’

ஷிஹானாவின் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு தூய கற்பனை! பூமியில கால் படவே இல்லை. இதுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.”

“அது பொஸ்தகமில்லீங்க மிஸ். எலெக்சனுக்குக் குடுத்த நோட்டீசு.”

தராசில் போட்டார்கள். அறுபது கிராம்தான் இருந்தது. அதுவும் விழுந்தது.

கூட்டத்தை முடித்திருக்கலாம். ஆனால் கலாநிதி, வேறு விடயங்கள் என்ற தலைப்பில், ‘அட்டை ராஜா’வை மறுபடி கையிலெடுத்தார். நிறையில் தோற்றது போதாது, கண்டிக்கவும் வேண்டும் என்றார்.

“இந்த அட்டை யார்? எழுதியவர் யாரை மனதில் வைத்தார்? பதினெட்டாம் பக்கம். அட்டைக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். எனக்கு இதுவரை எழுபத்தொரு பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கு அத்தனை?”

“மன்னிக்கவேணும் தலைவர்,” என்று இடைமறித்தார் பொருளாளர். “இருபத்திரண்டாம் பக்கத்தில் அட்டை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குடித்த இரத்தத்தைப் பேரேட்டில் பதிகிறது. இது என்னைத்தான்.”

“முப்பத்தொன்றில் பழைய ஏடுகளைத் தின்கிறதே,” என்றார் வரலாற்று ஆலோசகர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

“குடிக்கிறதுக்கு முந்தி ‘பயப்படாதீங்க, வலிக்காது’ என்று மெல்லமாச் சொல்லுதே. அது?” என்றார் ஷிஹானா.

அந்த அட்டை யார் என்பதில் அரைமணி நேரம் போயிற்று. மாரியாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“எல்லாரும் பக்கம் நம்பரோட சொல்றீங்களே சேர். முழுசா வாசிச்சிட்டீங்களா?”

“கண்டிப்பதற்காக வாசித்தோம்,” என்றார் கலாநிதி.

“நான் நாலு தரம் கண்டித்தேன்,” என்றார் பொருளாளர்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு றவூப் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான். வாயில் வைத்ததும் துப்பப் பார்த்தாள். தூளைக் காட்டி எடுத்த வெந்நீர் மாதிரி இருந்தது.

“நானா, ஒன்னு கேக்குறேன். நிறுத்தது போக மிச்ச நாளெல்லாம் அந்தப் பொஸ்தகமெல்லாம் எங்க இருக்கு?”

றவூப் இரண்டு பக்கமும் பார்த்தான். “ஒளிக்காம சொல்றன். கூட்டத்துக்கு மட்டும்தான் இங்க வரும். மத்த நாள் அட்டை ராஜா தலைவர்ட பேரன்ட தலகணிக்குக் கீழ. நான்தான் போய்க் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வாற. பறக்குற குதிர ஷிஹானா மிஸ்ட மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு பெய்த்து, கை மாறிக் கை மாறி இப்ப ஒரு வகுப்பே வாசிக்குது. கிளாக்கர் வீட்டுல ரெண்டு புள்ளைகளும் ஒரு புஸ்தகத்துக்குச் சண்ட புடிச்சு நடுவால கிழிச்சிட்டாங்களாம். சரித்திரம் ஏழும் மட்டும் ஸ்டோர்ல. அதுதான் மை ஊத்தியாச்சே.”

“பரிந்துரை இல்லாமலா வாசிக்குதுங்க?”

“ஊட்டுப் புள்ளைக்கு என்னத்துக்குப் பரிந்துர?”

மாரியாயி கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தப் பிள்ளைகள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பொந்துக்குள் செம்பி இறங்குகிற இடத்தில் அந்தப் பேரனும் போர்வையை இழுத்து மூடியிருப்பான். ஆனால் மூன்றாம் லயத்தில் பதினொரு பிள்ளைகள் பதினான்கு, இல்லை, பதினைந்து மாசமாக வெறும் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கின்றன.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி வெளியீட்டு விழா. பதுளையில் ஒரு மண்டபம், வாசலில் வாழைமரம், வெற்றிலைத் தட்டு, நாதஸ்வரம். பேரவை தன் பரிந்துரைப் பட்டியலை நூலாக வெளியிடுகிறது. முன்வரிசையில் மாரியாயியின் தோட்டத்துத் துரையும் கோட்டு மாட்டி உட்கார்ந்திருந்தார். மாரியாயியைக் கைப்பிடித்து மேடையில் ஏற்றி, ஓரத்துக் கதிரையில் இருத்தினார்கள்.

பட்டியலைத் தட்டில் வைத்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பளபளக்கும் கடதாசி, முந்நூறு பக்கம். ஆசிச் செய்திகள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். உறுப்பினர்களின் வண்ணப் படங்கள் எழுபத்தைந்து பக்கம். பேரவையின் விதிகள் பன்னிரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் பரிந்துரைக்கப்பட்ட நூல்களின் பட்டியல். பட்டியலில் ஒரே ஒரு நூல் இருந்தது. இந்த நூல்தான் அது.

“இரண்டு கிலோ நானூறு கிராம்!” என்று கலாநிதி ஒலிவாங்கியில் முழங்கினார். “விதிகளுக்கு முற்றிலும் இசைவான ஒரே நூல். இதிலுள்ள படங்களைத் தண்ணீராகக் கொள்வதில்லை என்று விசேட தீர்மானம் எடுத்தோம். இதில் மாயமில்லை, அட்டை இல்லை, யாருடைய தாத்தாவும் இல்லை. பிள்ளைகள் இதை எந்த வயதிலும் வாசிக்கலாம். எந்த வயதிலும் வாசிக்காமலும் இருக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. அவர்களிடம் பெற்றது நாற்பத்து மூன்று நூல்கள். இதோ, நாற்பத்து மூன்று நூல்களையே திருப்பியளிக்கிறோம்!”

திரை விலகியது. ‘பட்டியல்’ நாற்பத்து மூன்று பிரதி, ரிப்பன் கட்டி அடுக்கியிருந்தது. கைதட்டல். ஒரு பொன்னாடை மாரியாயியின் தோளில் விழுந்தது. பிடரி நரம்பு இழுத்தது. செயலாளர் ஒரு படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். ‘எமது வாசிப்பு அறையிலிருந்து பெறப்பட்ட நாற்பத்து மூன்று நூல்களும் திருப்பிப் பெற்றுக்கொள்ளப்பட்டன’ என்றிருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு. மெல்ல எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள். அவசரமாக்கும் என்று செயலாளர் இரண்டு தரம் செருமினார்.

முன்வரிசையிலிருந்து துரை குரல் கொடுத்தார். “மாரியாயி, கையெழுத்தைப் போடு. நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன். அலமாரியில புத்தகம் இருந்தாச் சரி. அறை உங்களுக்குத்தான். போடாட்டி ஒன்னாந்தேதி மூட்டை ஏறும்.”

இப்போது மண்டபம் முழுக்க அவள் கையைப் பார்த்தது.

போட்டால் அறை இருக்கும். சுவர் இருக்கும், கரியில் எழுதிய எழுத்து இருக்கும், பலகை நிறையக் கலாநிதியின் முகம் இருக்கும். பிள்ளைகள் கதவைத் திறந்து அதைப் பார்ப்பார்கள். ஜீப்பில் ஏறிய நாற்பத்து மூன்றும் அந்தக் கையெழுத்தோடு வந்துசேர்ந்ததாக ஆகிவிடும். அப்புறம் யார் போய்க் கேட்டாலும் படிவத்தைக் காட்டுவார்கள். கொழுந்துக் காட்டில் அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். பதினெட்டுக் கிலோ கொண்டுவந்து கொட்டிவிட்டு, பதினைந்து என்று எழுதியதற்குத் தலையாட்டிவிட்டு, லயத்தில் போய் அழுகிறவர்கள். ஒருநாளும் அவள் முள்ளைப் பார்க்காமல் தலையாட்டியவளில்லை.

“இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கையெழுத்திடுவார்!” என்று கலாநிதி ஒலிவாங்கியை அவள் வாய்க்கு நேராகத் திருப்பினார்.

“பேசத் தெரியாதுங்க,” என்றாள் மாரியாயி. ஒலிபெருக்கியில் வந்த தன் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “நாங்க குடுத்தது இது இல்லீங்க. இதை நாங்க வாசிக்கக் கேக்கல. அட்டை ராஜா தலைவர் சேர் வீட்டுல இருக்கு. குதிரைக் கதை அந்த மிஸ்ஸு வீட்டுல. ஒன்னு கிளாக்கரையா வீட்டுல ரெண்டா கிழிஞ்சு போச்சாம். சரித்திரத்துல மை ஊத்தி வச்சிருக்கீங்க. அந்தப் புள்ளைங்க வாசிச்சு முடிக்கட்டும், பாவம். முடிச்சதும் குடுங்க. கிழிஞ்சதை ஒட்டிக் குடுங்க. அதுவரைக்கும் நான் வாங்கினேன்னு போடமாட்டேன். வாங்கலீங்களே, சேர்.”

பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தாள். பொன்னாடையை நாலாக மடித்து அதன் பக்கத்தில் வைத்தாள். கலாநிதி ஒலிவாங்கியைப் பிடுங்கி, “உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்” என்றார். செயலாளர் வருத்தம் தெரிவித்ததாக எழுதிக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர்களுக்கு யாரோ கண்காட்டினார்கள். மாரியாயி படியிறங்கும்போது மங்கள வாத்தியம் முழங்கியது.

இருட்டுவதற்குள் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். இஸ்தோப்பில் பதினொரு பிள்ளைகளும் காத்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையைப் பார்த்ததும் சின்னது ஒன்று சிணுங்கியது. விஜயலெட்சுமி மட்டும் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

“என்னமோ கையெழுத்து வாங்குவாங்கன்னு நம்ம தோட்டத்துக் கிளாக்கரு சொன்னாரு. போட்டியாம்மா?”

“போடல.”

“நல்லது,” என்றாள் மகள். வாசிப்பு அறையின் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தாள். உரத்துக்கு அடியில் போனால் உளுத்துவிடுமாம்.

ஜனவரி முதலாம் தேதி காலையில் அறைக்குள் உர மூட்டை ஏறியது. பலகைகள் மாரியாயியின் காம்பராவில் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. பேரவை மாசாமாசம் கூடி விளக்கேற்றுகிறது. தோட்டத்துப் பெற்றோர் பிரதிநிதி வராததால் எந்தக் கூட்டமும் செல்லாது. மூன்றாம் லயத்துப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் அது இன்னும் நாற்பத்து மூன்று புத்தகங்கள் தரவேண்டியிருக்கிறது.